ஸ்போர்ட்ஸ் காருக்கு சரியான வின்டர் டயர் எடுக்கிறது எப்படி? ஜெர்மனியில ஓட்டுறவங்களுக்கு முழு வழிகாட்டி

அக்டோபர் பொறந்தா போதும், ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கிற எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணுதான், எந்த பிராண்ட் வின்டர் டயர் நல்லா இருக்கும்? உண்மையில இது கடைசியா கேக்க வேண்டிய கேள்வி. அதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் தெரியணும். டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் உங்க கார் நிஜமா எந்த ரோட்டுல ஓடப்போகுது, அப்புறம் உங்க ப்ரேக் மேல இடிக்காம உக்காரக்கூடிய, கம்பெனி ஒத்துக்கிட்ட மிகச்சின்ன ரிம் எது. இந்த ரெண்டுக்கும் பதில் கிடைச்சிட்டா டயர் லிஸ்ட் தானாவே சுருங்கி மூணு நாலு பேர்ல வந்து நின்னுடும், அதுல எதை எடுத்தாலும் பெரிசா தப்பு வராது. ரிம்மையும் ரோட்டையும் யோசிக்காம பிராண்டுல ஆரம்பிச்சா எவ்வளவு காசு கொட்டினாலும் அரைகுறையாதான் முடியும்.

நான் ஜெர்மனியை வச்சுதான் எழுதுறேன், ஏன்னா ஒரே நாள்ல 200ல போற ஆட்டோபானும் அதே நாள்ல பனி மூடின மலைப்பாதையும் இங்கதான் ஒண்ணா வருது. உதாரணத்துக்கு ரெண்டு கார் எடுத்துக்கிறேன். ஒண்ணு போர்ஷே 718 கேமன், நடுவுல இன்ஜின், முன்னாடியும் பின்னாடியும் வேற வேற அகல டயர். இன்னொண்ணு டொயோட்டா ஜிஆர்86, இதுவும் ரியர் வீல் டிரைவ்தான், ஆனா நாலு டயரும் ஒரே சைஸ். உங்க கார் வேறயா இருந்தாலும் இந்த ரெண்டுல ஒண்ணோட சாயல் இருக்கும்.

கோடை டயரோட ஏன் ஓட்டக்கூடாது

ஸ்போர்ட்ஸ் கார்ல ஷோரூம்ல இருந்தே வர்றது அல்ட்ரா ஹை பெர்ஃபார்மன்ஸ் கோடை டயர், பைலட் ஸ்போர்ட் 4 எஸ், பி ஜீரோ மாதிரி. அந்த ரப்பர் சூட்டுல வேலை செய்யறதுக்குன்னே கலந்தது. குளிர் ஏற ஏற அது இறுகிப்போகும், ரோட்டுல இருக்கிற பொடிப்பொடி மேடுபள்ளத்துக்குள்ள அமுங்கிப் பிடிக்க முடியாம மேலாப்புல வழுக்கிட்டுப் போகும். வின்டர் டயர்ல இதுக்காகவே சிலிகா அதிகமா சேர்த்து, குளிர்லயும் வளைஞ்சு குடுக்கிற ரப்பர் போடுறாங்க, அதோட டயர் மேல இருக்கிற ஒவ்வொரு ரப்பர் கட்டையிலயும் மெல்லிசா கத்தியில கீறின மாதிரி வரிசையா வெட்டு இருக்கும், சைப்னு சொல்வாங்க. பனியை கவ்விப் பிடிக்கிறது அந்த வெட்டோட விளிம்புதான்.

7 டிகிரிக்கு கீழ போனா மாத்திடணும்னு ஒரு கணக்கு எல்லாரும் சொல்றாங்க. அது ஒரு ஞாபகக் குறிப்பு அவ்வளவுதான், 8ல நல்லா இருந்து 6ல திடீர்னு கெட்டுப்போற டயர் எதுவும் கிடையாது. காய்ஞ்ச ரோட்டுல 5 டிகிரியில நல்ல கோடை டயர் வின்டர் டயரை விட சீக்கிரமா கூட நிக்கலாம், அதை மறைக்க வேண்டிய அவசியமில்ல. பிரச்சனை வர்ற இடம் வேற. 1, 2 டிகிரி, ராத்திரி பெஞ்ச ஈரம், காலையில பாலத்து மேல மட்டும் உறைஞ்சு கிடக்கு, டயர் இன்னும் சூடாகல, நீங்க வளைவுல இருக்கீங்க. அந்த இடத்துல கோடை டயர்கிட்ட எதுவுமே மிச்சம் இருக்காது. பனி விழுந்துட்டா கேக்கவே வேண்டாம், 300 குதிரைத்திறன் காரு தட்டையான பார்க்கிங்ல இருந்து வெளிய வர முடியாம நிக்கும்.

பைலட் ஸ்போர்ட் கப் 2, ட்ரோஃபியோ ஆர் மாதிரி டிராக் டயர் போட்ட காருன்னா இன்னும் கவனம் வேணும். கடும் குளிர்ல இந்த வகை ரப்பர் விரிசல் விடும், ஓட்டணும்னு கூட இல்ல, நிறுத்தி வச்சு நகர்த்தினாலே கீறல் விழ வாய்ப்பு இருக்கு. மைனஸ் 7க்கு கீழ வைக்காதீங்கன்னு மிஷ்லானே வட அமெரிக்காவுல எச்சரிக்கை குடுத்திருக்கு. சூடில்லாத கராஜ்ல அப்படி ஒரு கார் இருந்தா டயரைக் கழட்டி வீட்டு கெல்லர்ல (அடித்தள அறையில) வச்சிடுங்க.

சட்டம் என்ன கேக்குது

இங்க தேதி வச்ச சட்டம் கிடையாது, நிலைமை வச்ச சட்டம். ரோட்டுல பனி, கரைஞ்ச பனிச்சேறு, ஐஸ், உறைபனி இருந்தா வின்டர் டயர் இல்லாம ஓட்டக்கூடாது. ஜூன்லயே பனி விழுந்தாலும் அதேதான், ஜனவரியில ரோடு காய்ஞ்சு கிடந்தா கோடை டயர் குற்றம் இல்ல. அக்டோபர்ல மாட்டி ஈஸ்டருக்குக் கழட்டுங்கன்னு ஊர்ல சொல்றது பழக்கம், சட்டம் இல்ல. ஆனா நல்ல பழக்கம்.

எது வின்டர் டயர்ங்கறதுலதான் நிறைய பேர் பழைய நெனைப்புலயே இருக்காங்க. முன்னாடி எம்+எஸ், அதாவது மட் அண்ட் ஸ்னோன்னு எழுதியிருந்தா போதும். 2024 அக்டோபர் 1ல இருந்து அது செல்லாது, மூணு சிகரம் வச்ச மலை, அதுக்குள்ள பனித்துகள், அந்த ஆல்பைன் குறி சைடுவால்ல (டயரோட பக்கச்சுவர்ல) இருந்தே ஆகணும். எம்+எஸ் எழுத்தை கம்பெனிக்காரங்க எந்த டெஸ்ட்டும் இல்லாம போட்டுக்கலாம், ஆல்பைன் குறிக்கு பனியில ஒரு ரெஃபரன்ஸ் டயரோட ஒப்பிட்டு சோதனை பண்ணி பாஸ் ஆகணும். மாட்டிக்கிட்டா 60 யூரோ அபராதம், லைசென்ஸ் கணக்குல ஒரு பாயிண்ட். போக்குவரத்தை மறிச்சு நின்னுட்டா 80. வண்டி உங்க பேர்ல இருந்து வேற ஒருத்தர் ஓட்டினாலும் ஓனருக்கு 75 யூரோவும் ஒரு பாயிண்ட்டும் வரும், ஃப்ரெண்டுக்கு சாவி குடுக்குறவங்க இதை மனசுல வச்சுக்கோங்க.

பார்டர் தாண்டினா கதை மாறும். ஆஸ்திரியாவுல நவம்பர் 1ல இருந்து ஏப்ரல் 15 வரைக்கும் குளிர்கால நிலைமையில வின்டர் டயர் கட்டாயம், அதுலயும் 4 மி.மீ ட்ரெட் (டயர் பள்ளத்தோட ஆழம்) இருந்தாதான் அதை வின்டர் டயர்னே கணக்குல எடுப்பாங்க. ஜெர்மனியில சட்டப்படி 1.6 போதும், அதனால இங்க ஓகே ஆன டயர் பார்டர் ஊரான குஃப்ஸ்டைன் தாண்டினதும் ஓகே இல்லாம போயிடலாம்.

முதல் வேலை: உங்க ரோடு எது

இதை ஒரு பேப்பர்ல எழுதியே பாருங்க. கொலோன், ஃப்ரைபுர்க் மாதிரி ரைன் ஓரத்துல இருந்துட்டு ஊருக்குள்ளயும் ஆட்டோபான்லயும் மட்டும் ஓட்டுறவங்களுக்கு குளிர்காலம்னா பெரும்பாலும் ஈர ரோடுதான், பனி கொஞ்ச நாள்தான் எட்டிப்பாக்கும். மியூனிக்ல இருந்து வாரக்கடைசியில ஆல்ப்ஸ் மலையடியில இருக்கிற கார்மிஷ் பக்கம் போறவங்களுக்கு பனி நிச்சயம். ஸ்டுட்கார்ட் ரெண்டுக்கும் நடுவுல இருக்கு, அதுதான் ஏமாத்தும். ஊருக்குள்ள வெறும் மழை, ஏ8ல உல்ம் பக்கம் போய் ஐகெல்பெர்க் தாண்டி ஸ்வேபியன் ஆல்ப் மலைமேட்டுல ஏறினதும் மூடுபனி, மேல பனி, லாரி குறுக்க நிக்கும். அதே மாதிரி பி500, ஸ்போர்ட்ஸ் கார்காரங்க எல்லாருக்கும் பிடிச்ச பிளாக் ஃபாரஸ்ட் மலைப்பாதை, கீழ பாடன்-பாடன்ல காய்ஞ்சிருந்தாலும் மேல வெள்ளையா கிடக்கும். நீங்க போற இடத்துலயே மோசமான இடம் எதுவோ அதை வச்சுதான் டயர் எடுக்கணும், சராசரியை வச்சு இல்ல.

குளிர்காலம் முழுக்க கார் கராஜ்லதான், காய்ஞ்ச ஞாயித்துக்கிழமை மட்டும் எடுப்பேன்னா? அப்போ நேர்மையா ஒரு பதில், எடுக்காதீங்க. நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் மட்டும் விட்டுட்டு சீசன் நம்பர் பிளேட் வாங்கிக்கிட்டா இன்சூரன்ஸும் டாக்ஸும் மிச்சம்.

ரெண்டாவது வேலை: ரிம்

இங்கதான் கொஞ்சம் நிதானமா நிக்கணும், மத்த எல்லாத்தையும் விட இதுதான் முக்கியம்னு நான் நெனைக்கிறேன்.

சின்ன ரிம்னா சைடுவால் உயரமா இருக்கும். உறைஞ்சு வெடிச்ச ரோட்டுல பள்ளம் எல்லா இடத்துலயும் இருக்கும், பனியில மூடினா கண்ணுக்கும் தெரியாது, 20 இன்ச் ரிம்மும் 30 சீரிஸ் டயரும் (சைடுவால் உயரம் அகலத்துல 30 சதவீதம்தான்) அதுல விழுந்தா ரிம் வளையும். சின்ன சைஸ்ல டயர் விலை கணிசமா குறையும், கிடைக்கிற மாடலும் அதிகம். கொஞ்சம் ஒல்லி டயரா இருந்தா தண்ணியையும் பனிச்சேறையும் கிழிச்சிட்டு கீழ ரோட்டைத் தொடும், அகல டயர் அது மேல மிதக்கும். உப்பு இன்னொரு காரணம், பாலிஷ் பண்ணின டைமண்ட் கட் ரிம்ல லாக்கர்ல ஒரு சின்ன கல்லடி பட்டா போதும், உப்புத்தண்ணி உள்ள புகுந்து வெள்ளை வெள்ளையா புழு ஊர்ந்த மாதிரி அரிச்சிடும். அதனால குளிர்காலத்துக்குன்னு முழுசா பெயின்ட் அடிச்ச சாதாரண ரிம் ஒரு செட் தனியா வாங்கிடுங்க, ஒரே ரிம்ல வருஷத்துக்கு ரெண்டு தடவை டயரைப் பிரிச்சு மாட்டுறது டயரோட விளிம்புக்கும் நல்லதில்ல.

ஆனா எவ்வளவு சின்னதா போகலாம்ங்கறதை ப்ரேக் காலிப்பர்தான் முடிவு பண்ணும். அதுக்கும் மேல, கார் உருளுற சுத்தளவு மாறக்கூடாது, ஏபிஎஸ்ஸும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் அதை நம்பித்தான் வேலை செய்யுது. கணக்கு போட்டுப் பாக்கலாம். கேமன்ல 20 இன்ச் போட்டிருந்தா முன்னாடி 235/35 ஆர்20. 20ஐ 25.4ஆல பெருக்கினா 508 மி.மீ, சைடுவால் 235ல 35 சதவீதம், 82.25, மேல ஒண்ணு கீழ ஒண்ணு, மொத்த விட்டம் 672.5. இப்போ 235/40 ஆர்19 எடுங்க, 482.6 கூட 188, ஆக 670.6. ரெண்டு மி.மீ தான் வித்தியாசம். பின்னாடி 265/35 ஆர்20ன்னா 693.5, 265/40 ஆர்19ன்னா 694.6. ரெண்டு பக்கமும் பொருந்துது, 19 தாராளமா போகலாம். ஜிஆர்86ல 215/40 ஆர்18 க்கு 629, 215/45 ஆர்17 க்கு 625, அங்க 17 தான் என்னோட சாய்ஸ், டயரும் நிறைய கிடைக்கும்.

கணக்கு சரியா வந்ததுனால மட்டும் வாங்கிடாதீங்க, மேனுவல்ல அந்த கார் வேரியன்ட்டுக்கு குளிர்கால சைஸ் என்ன போட்டிருக்குன்னு பாத்தே ஆகணும். அடிப்படை கேமனுக்கு ஓகே ஆன 18 இன்ச் பெரிய ப்ரேக் வச்ச வேரியன்ட்ல உள்ள போகாம இருக்கலாம். ஆல் வீல் டிரைவ் காருன்னா இன்னும் கறார், முன் பின் சுத்தளவு விகிதம் கம்பெனி சொன்னதுல இருந்து விலகினா நடுவுல இருக்கிற கிளட்ச் ஓயாம வேலை செஞ்சு சூடாகும். முன்னாடி பின்னாடி வேற அகலம் இருக்கிற கார்ல, நாலும் ஒரே அகலமா போட்டா பனியில நல்லா இருக்குமேன்னு சொந்தமா மாத்தாதீங்க, அப்படி போட்டா பேலன்ஸே மாறிடும், கம்பெனி பேப்பர்ல இருந்தா மட்டும் பண்ணுங்க.

வெளி கம்பெனி ரிம் வாங்குறீங்கன்னா போல்ட் வட்டம், ஆஃப்செட் (ரிம் எவ்வளவு உள்ள தள்ளி உக்காருதுங்கறது), நடு ஓட்டை மூணும் பொருந்தணும். போர்ஷேக்கு 5 x 130 (அஞ்சு போல்ட், 130 மி.மீ வட்டம்), ஜிஆர்86க்கு 5 x 100. ரிம்மோட ஏபிஇ பேப்பர் (பொது அனுமதிச் சான்று) இருக்கா, இல்ல வண்டி சோதனை நிலையமான டியூஃப் போய் பதிவு பண்ணணுமான்னு வாங்குறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க, அனுமதி இல்லாத ரிம்ல ஆக்சிடென்ட் ஆச்சுன்னா இன்சூரன்ஸ் பேச்சே வேற. 2014 நவம்பருக்கு அப்புறம் பதிவான காருன்னா பிரஷர் சென்சர் சிஸ்டம் இருக்கும், அது வீலுக்குள்ள சென்சர் வச்சு அளக்கிற வகைன்னா இந்த ரெண்டாவது செட்டுக்கும் சென்சர் சேர்த்துதான் விலை பாக்கணும். ஸ்னோ செயின் போடுற ஆசை இருந்தா அதையும் இப்பவே மேனுவல்ல பாருங்க, நிறைய ஸ்போர்ட்ஸ் கார்ல ஃபென்டருக்குள்ள இடம் இல்லாததால சில சைஸுக்கு மட்டும்தான் செயின் அனுமதி.

மூணாவது: எந்த வகை

வின்டர் டயர்லயே ரெண்டு குடும்பம் இருக்குன்னு நிறைய பேருக்கு தெரியாது. மத்திய ஐரோப்பாவுக்காக செய்யறது ஒண்ணு, ஈர ரோடு, ஆட்டோபான் வேகம், நடுநடுவுல பனி, எல்லாத்துக்கும் சேர்த்து. மிஷ்லான் பைலட் ஆல்பின் 5, கான்டினென்டல் டிஎஸ் 860 எஸ், பிரெல்லி பி ஜீரோ வின்டர் எல்லாம் இந்த வகை. இன்னொண்ணு நோர்டிக், ஃபின்லாந்து ஸ்வீடன் பக்கம் ஐஸ்ல ஓட்டுறதுக்கு, நோக்கியன் ஹக்காபெலிட்டா ஆர்5, மிஷ்லான் எக்ஸ்-ஐஸ் ஸ்னோ மாதிரி. நோர்டிக் ரப்பர் ரொம்ப மெத்து, ஐஸ்ல அதை அடிச்சிக்க ஆள் இல்ல, ஆனா 5 டிகிரி ஈர ஆட்டோபான்ல 160ல ப்ரேக் அடிச்சா நிக்கிற தூரம் நீண்டுடும், வளைவுல ஸ்டீயரிங் திருப்பினதுக்கும் கார் திரும்புறதுக்கும் நடுவுல ஒரு தயக்கம் தெரியும். ஜெர்மனியில ஓட்டுற ஸ்போர்ட்ஸ் காருக்கு முதல் குடும்பம்தான். ஆணி வச்ச டயரை நெனைக்கவே வேண்டாம், பேர்க்டெஸ்காடன் பக்கத்துல பார்டர் ஓரமா ஒரு சின்ன பகுதி தவிர நாடு முழுக்க தடை.

ஆல் சீசன்? கிராஸ்க்ளைமேட் 2 மாதிரி டயர்ல ஆல்பைன் குறி இருக்கு, சட்டப்படி பிரச்சனை இல்ல. ரைன் ஓரத்துல இருக்கிற ஜிஆர்86காரர் ஒருத்தர் இதைப் போட்டா நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆனா கோடையில ஸ்டீயரிங்ல கிடைக்கிற அந்த துல்லியத்துக்காகத்தானே இந்த காரையே வாங்கினோம், அதை வருஷம் பூரா விட்டுக்குடுக்கணுமா? ரெண்டு செட் வச்சா ரெண்டும் பாதிப் பாதிதான் தேயும், நீண்ட கணக்குல செலவு நெனைக்கிற அளவு கூடாது.

ரெண்டு வின்டர் டயர் மட்டும் வாங்கி பின்னாடி மாட்டிக்கலாமா, ரியர் வீல் டிரைவ்தானேன்னு கேக்குறாங்க. தயவு செஞ்சு வேண்டாம். கிளம்புறது பின் வீல், ஆனா நிக்கிறதும் திரும்புறதும் பெரும்பாலும் முன் வீல். நல்லா கிளம்பிப் போய் வளைவுல நேரா போய் முட்டுற காரைத்தான் அப்படி செஞ்சுக்குவீங்க. நாலும் ஒரே மாடல், அவ்வளவுதான்.

நாலாவது: சைடுவால்ல இருக்கிறதைப் படிங்க

235/40 ஆர்19 96வி ன்னு இருந்தா 96ங்கறது எடை குறியீடு, வி ங்கறது வேகம். டி ன்னா 190, எச் 210, வி 240, டபிள்யூ 270. எடை குறியீடு உங்க கார் பேப்பர்ல இருக்கிறதை விட குறையவே கூடாது. வேகத்துல மட்டும் ஒரு சலுகை உண்டு, வின்டர் டயரோட வேகம் காரோட உச்ச வேகத்தை விட குறைவா இருக்கலாம், ஆனா டிரைவர் கண்ணுல படுற மாதிரி ஸ்டிக்கர் ஒட்டணும், அந்த வேகத்தைத் தாண்டக்கூடாது. கேமன் 275 வரைக்கும் போகும், வி டயர் போட்டா 240 ஸ்டிக்கர் வேணும். ஜிஆர்86 226 தான், வி போட்டா ஸ்டிக்கரே வேண்டாம், எச் போட்டா வேணும். டபிள்யூ தேடி அதிக காசு குடுக்கிறதுல அர்த்தம் இல்லன்னு என் அபிப்பிராயம், ஜனவரியில யாரும் 240க்கு மேல போகப் போறதில்ல.

அப்புறம் கம்பெனி குறி. போர்ஷேன்னா என்0, என்1, பிஎம்டபிள்யூக்கு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு எம்ஓ. அந்த காருக்குன்னே ட்யூன் பண்ணின டயர்னு அர்த்தம். வாரண்டியில இருக்கிற போர்ஷேன்னா குறி இருக்கிறதையே வாங்குங்க, என்0வையும் என்1ஐயும் மட்டும் கலந்து மாட்டிடாதீங்க. பழைய காருக்கு குறி இல்லாத நல்ல டயர் மோசம் ஒண்ணும் இல்ல.

சைடுவால்ல டாட்னு (DOT) ஆரம்பிக்கிற கோடோட கடைசி நாலு எண் பாருங்க, 3824ன்னா 2024ல 38வது வாரம் செஞ்சது. ஆஃபர்ல வர்ற ஸ்போர்ட்ஸ் கார் சைஸ் டயர் சில சமயம் குடோன்ல வருஷக்கணக்கா கிடந்ததா இருக்கும், ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி வருஷத்தைக் கேளுங்க. டயரோட ஐரோப்பிய யூனியன் லேபிள்ல ஈர ரோடு கிரிப் ஏ இல்ல பி இருக்கிறதா பாத்து எடுங்க, குளிர்காலத்துல நீங்க பனியை விட ஈரத்துலதான் அதிகம் ஓட்டுவீங்க.

அஞ்சாவது: இப்போ பிராண்ட்

இவ்வளவு தூரம் வந்தாச்சுன்னா உங்க சைஸ்ல கிடைக்கிறது கொஞ்சம்தான். ஆட்டோபான் அதிகம்னா பைலட் ஆல்பின் 5, டிஎஸ் 860 எஸ் ரெண்டையும் முதல்ல பாப்பேன். 17, 18 இன்ச்ல குட்இயர் அல்ட்ராகிரிப் பெர்ஃபார்மன்ஸ் 3, பிரிட்ஜ்ஸ்டோன் ப்ளிஸாக் எல்எம்005 மாதிரி இன்னும் சில பேர் சேர்வாங்க, எல்எம்005க்கு ஈரத்துல நல்ல பேர். வெரெடெஸ்டைன் வின்ட்ராக் ப்ரோவையும் ஒதுக்கிடாதீங்க, நெதர்லாந்து கம்பெனி, 2009ல இருந்து நம்ம அப்போலோ டயர்ஸ் கையில இருக்கு, சென்னை ஒரகடத்துல ஃபேக்டரி வச்சிருக்காங்களே அதே அப்போலோதான், விலைக்கு நல்ல சரக்கு. ஜெர்மன் மோட்டார் கிளப்பான ஏடிஏசி ஒவ்வொரு இலையுதிர் காலத்துலயும் டெஸ்ட் போடுது, மொத்த மார்க்கை மட்டும் பாக்காம ஈரத்துல எவ்வளவு, பனியில எவ்வளவுன்னு தனித்தனியா பாருங்க, நீங்க முதல்ல எழுதி வச்ச ரோட்டுக்கு எது தேவையோ அந்த வரியைப் படிங்க. அவங்க டெஸ்ட் பண்ணின சைஸ் உங்க சைஸ் இல்லன்னா முடிவு அப்படியே பொருந்தும்னு எடுத்துக்க வேண்டாம்.

மாட்டும்போதும் மாட்டினதுக்கு அப்புறமும்

செப்டம்பர் கடைசியிலயே ஆர்டர் பண்ணிடுங்க, முதல் பனி விழுந்த அன்னைக்கு டயர்கடையில அப்பாயின்ட்மென்ட் கிடைக்காது. திசை அம்புக்குறி இருக்கிற டயர்ல அம்பு முன்னாடி உருளுற பக்கம் பாத்து இருக்கணும். போல்ட்டை டார்க் ரென்ச்லதான் முறுக்கணும், 718க்கு 160 நியூட்டன் மீட்டர், 50ல இருந்து 100 கி.மீ ஓடினதும் மறுபடி ஒரு தடவை செக் பண்ணணும்.

காத்து விஷயத்துல நிறைய பேர் கோட்டை விடுறாங்க. 10 டிகிரி குறைஞ்சா சுமார் 0.1 பார் இறங்கும். 15 டிகிரி கராஜ்ல சரியா அடிச்சிட்டு மைனஸ் 5ல வெளிய விட்டா 0.2 குறைவாத்தான் ஓடுவீங்க. வெளிய நிக்கிற காருல, காலையில ஓட்டாம இருக்கும்போது அளங்க. பனியில கிரிப் வேணும்னு காத்தை இறக்குறது ஆட்டோபான்ல போற காருக்கு ஆபத்து.

புது டயர்ல முதல் 300 கி.மீ நிதானம். ட்ரெட் உயரமா, மெத்துனு இருக்கிறதால ஸ்டீயரிங் கொஞ்சம் தளர்வா தெரியும், டயர்ல குறை இல்ல, பழகிடும். டயர் மாத்தினதும் காரோட செட்டிங்ல புது செட்டைத் தேர்ந்தெடுக்கவோ பிரஷர் சிஸ்டத்தை ரீசெட் பண்ணவோ மறக்காதீங்க.

எப்ப கழட்டுறது? மெத்து ரப்பர் 15, 20 டிகிரியில ரொம்ப வேகமா தேயும், ஏப்ரல்ல காலை நேரமும் நிலையா சூடாயிடுச்சுன்னா மாத்திடுங்க, மலைப்பக்கம் போறவங்க கொஞ்சம் பொறுங்க. கழட்டும்போது ஒவ்வொண்ணுலயும் முன் இடது, பின் வலதுன்னு சாக்பீஸ்ல எழுதி, உப்பைக் கழுவி, ரிம்மோட இருந்தா ஒண்ணு மேல ஒண்ணு படுக்க வச்சு, ரிம் இல்லன்னா நிக்க வச்சு, வெயில் படாத இடத்துல வைங்க. அப்பவே ட்ரெட்டையும் அளந்துடுங்க. ரெண்டு யூரோ காசை பள்ளத்துக்குள்ள நிறுத்தினா, அதோட வெள்ளி விளிம்பு 4 மி.மீ, அது முழுசா மறைஞ்சா அடுத்த சீசனுக்கு ஆகும். வெள்ளி வெளிய தெரிஞ்சா செப்டம்பர்ல புதுசுக்கு ஆர்டர் போடுங்க, ரியர் வீல் டிரைவ்ல பின் டயர்தான் பெரும்பாலும் முதல்ல தீரும், அதனால அதை முதல்ல அளங்க.